மூன்றரை வட்டிக் கடன்! கிரெடிட் கார்டு பிடியில் இருந்து கரை ஏறுவது எப்படி?

2024-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு கூறியது.

கிரெடிட் கார்டு வட்டி பற்றிய தீர்ப்பு அது. பாங்கிகளுக்கு மகிழ்ச்சி அளித்த தீர்ப்பு. கார்டு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு.

வழக்கின் கதை 2008-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலை மாதம் தேசிய நுகர்வோர் கமிஷன் ஓர் உத்தரவு போட்டது. கிரெடிட் கார்டு கடனுக்கு, ஆண்டுக்கு நூற்றுக்கு 30 ரூபாய்க்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வியாபார முறை என்று கமிஷன் சொன்னது.

பாங்கிகள் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 16 ஆண்டுகளுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. கமிஷனின் உத்தரவு ரத்து ஆகிவிட்டது. பாங்கி வட்டியைக் கவனிப்பது ரிசர்வ் பாங்கியின் வேலை, கமிஷனுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கோர்ட்டு கூறியது.

இதனால் என்ன ஆயிற்று?

கார்டு வட்டி முன்பே 30-ஐத் தாண்டித்தான் இருந்தது. என்றாவது ஒரு நாள் வேலி வரும் என்ற நம்பிக்கை மட்டும் மிச்சம் இருந்தது. அந்த நம்பிக்கையும் போய்விட்டது. இனி வேலியைக் குடும்பம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

இது ஒருசிலர் பிரச்சினை அல்ல. இந்தியாவில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024-ம் ஆண்டு தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா கார்டு கொடுக்கத் தொடங்கிய காலத்தில் அது பணக்காரர்களின் சட்டைப்பைக்குள் மட்டும் இருந்தது. இன்று பஸ் கண்டக்டர் வீட்டிலும் இருக்கிறது. பள்ளி ஆசிரியை வீட்டிலும் இருக்கிறது.

ரிசர்வ் பாங்கிக்கும் கவலை பிறந்தது. அடமானம் இல்லாத கடன்கள் மளமளவென்று பெருகுவதைப் பார்த்து, 2023 நவம்பரில் அது பாங்கிகளுக்குக் கடிவாளம் போட்டது. கார்டு கடன் கொடுக்கும் பாங்கி, அதற்காக முன்பைவிட அதிக மூலதனம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

கடிவாளம் பாங்கிக்கு. கடன் வாங்கியவருக்கு யார் வழி சொல்வது?

ஊர்ப் பாஷையில் என்ன வட்டி?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.டி.எம். கார்டு வேறு, கிரெடிட் கார்டு வேறு.

ஏ.டி.எம். கார்டில் எடுப்பது நம் சொந்தப் பணம். கிரெடிட் கார்டில் செலவழிப்பது பாங்கியின் பணம். அதாவது கடன்.

சாமான் வாங்கிய பிறகு, கெடு தேதிக்குள் பில் பணம் முழுவதையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. 45 நாள், 50 நாள் வரைகூட வட்டி இல்லாத கைமாற்று கிடைக்கும். அப்படிக் கட்டுகிறவருக்குக் கார்டு நல்ல வேலைக்காரன்.

ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் கதை மாறிவிடும். வேலைக்காரன் எஜமான் ஆகிவிடுவான்.

பல பாங்கிகள் வாங்கும் கார்டு வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய் 50 காசு. சில பாங்கிகளில் 3 ரூபாய் 75 காசு.

ஊர்ப் பாஷையில் சொன்னால் இது மூன்றரை வட்டி!

தெருவில் ஒருவர் “ஒரு வட்டிக்குப் பணம் தருகிறேன்” என்றால் நியாயம் என்பார்கள். “மூன்று வட்டி” என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். ஐந்து, பத்து என்று போனால் “கந்து வட்டி” என்று காறித் துப்புவார்கள். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது.

ஆனால் பளபளப்பான அட்டையில், குளுகுளு அறையில், மூன்றரை வட்டி என்றால் யாரும் முகம் சுளிப்பது இல்லை. ஏன்? “மூன்றரை” என்ற எண்தான் கண்ணில் படுகிறது. அது மாதத்துக்கு என்பது மனதில் பதிவது இல்லை. ஆண்டுக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 42 ரூபாய்!

அதோடு போகவில்லை. கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. மூன்றரை ரூபாய் வட்டிக்கு 63 காசு வரி. இரண்டும் சேர்த்தால் 4 ரூபாய் 13 காசு. ஆக, கடனாளி உண்மையில் கட்டுவது நாலு வட்டிக்கும் மேலே.

நகைக் கடன் வட்டிக்கோ, சாதாரண தனிநபர் கடன் வட்டிக்கோ இந்த வரி கிடையாது. கார்டுக்குத்தான் உண்டு. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாது.

“குறைந்தபட்சத் தொகை” என்னும் பொறி

கார்டு பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று, கட்ட வேண்டிய மொத்தத் தொகை. மற்றொன்று, குறைந்தபட்சத் தொகை.

“இதை மட்டும் கட்டினால் போதும் போலிருக்கிறது” என்று குடும்பத் தலைவர் நினைக்கிறார். சின்னத் தொகையைக் கட்டுகிறார். அபராதம் இல்லை. டெலிபோனில் யாரும் திட்டவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறார்.

வட்டி தூங்குவது இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குக் கார்டில் ஒரு லட்சம் ரூபாய் பாக்கி. வட்டி மூன்றரை. குறைந்தபட்சத் தொகை நூற்றுக்கு 5 ரூபாய். இனி அவர் கார்டைத் தொடவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் மாத வட்டி 3,500 ரூபாய். வரி 630 ரூபாய். பாக்கி 1,04,130 ரூபாய் ஆகிறது.

அதில் நூற்றுக்கு 5 வீதம் அவர் 5,207 ரூபாய் கட்டுகிறார். கடன் எவ்வளவு கரைந்தது? 1,077 ரூபாய்தான்!

இப்படியே ஓர் ஆண்டு போகிறது. பன்னிரண்டு மாதத்தில் அவர் கட்டியது ஏறக்குறைய 58,900 ரூபாய். அதில் கடன் குறைந்தது ஏறக்குறைய 12,200 ரூபாய். மீதி 46,700 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது.

கடன் பாதியாகக் குறையவே ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். ஏன் தெரியுமா? கடன் குறையக் குறைய, குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வரும். ஓட்டம் மெதுவாகிக்கொண்டே போகும். எல்லைக்கோடு நெருங்குவது இல்லை.

இந்த ஆபத்து ரிசர்வ் பாங்கிக்கும் தெரியும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ ஆகும், வட்டி மேல் வட்டி ஏறும் என்று பில்லிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என 2022-ல் அது விதி போட்டது. எச்சரிக்கை பில்லில் இருக்கிறது. படிப்பவர்கள்தான் குறைவு.

அதே பணம், வேறு வட்டி

இதே குடும்பத் தலைவர் ஒரு சின்ன மாறுதல் செய்கிறார். குறைந்தபட்சத் தொகை குறைந்தாலும், முதல் மாதம் கட்டிய 5,207 ரூபாயையே விடாமல் மாதாமாதம் கட்டுகிறார்.

39 மாதத்தில் கடன் அடியோடு தீர்ந்துவிடுகிறது. ஆனால் அவர் கட்டிய மொத்தப் பணம் 2 லட்சத்து 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு லட்சம் கடனுக்கு இன்னொரு லட்சம் தண்டம்!

இப்போது இன்னொரு மாறுதல். ஒரு வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு 12 ரூபாய் வட்டிக்கு, ஒரு லட்சம் ரூபாய் வேறு கடன் வாங்குகிறார். கார்டு கடனை ஒரே நாளில் அடைத்துவிடுகிறார். புதிய கடனுக்கு அதே 5,207 ரூபாயை மாதாமாதம் கட்டுகிறார்.

22 மாதத்தில் கடன் முடிந்துவிடுகிறது. கட்டிய மொத்தப் பணம் ஏறக்குறைய 1 லட்சத்து 11 ஆயிரத்து 600 ரூபாய்.

சம்பளம் கூடவில்லை. சாப்பாட்டைக் குறைக்கவில்லை. மாதம் கட்டிய பணமும் அதேதான். மிச்சம் 91 ஆயிரம் ரூபாய்! காலத்திலும் 17 மாதம் மிச்சம்.

கடனை அடைக்கும் வித்தை இதுதான். பெரிய வட்டியைச் சின்ன வட்டியாக மாற்றுவது. பிறகு தவணையைக் குறைக்காமல் கட்டுவது.

அந்தச் சின்ன வட்டி எங்கே கிடைக்கும்?

முதலில் கார்டை நிறுத்து!

ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிப் பயன் இல்லை. கடனை அடைக்கும்வரை அந்தக் கார்டில் ஒரு பைசாகூடச் செலவழிக்கக் கூடாது.

இதற்கு வெறும் சிக்கனம் மட்டும் காரணம் அல்ல. பழைய பாக்கி இருக்கும்போது, புதிதாக வாங்கும் சாமானுக்கு வட்டி இல்லாத நாட்கள் கிடையாது. இன்று அரிசி வாங்கினால் இன்று முதலே வட்டி ஓடும். மளிகைக் கடையில் 2,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு நாலு வட்டி கொடுப்பார் உண்டா? கார்டில் வாங்குகிறவர்கள் தெரியாமலே கொடுக்கிறார்கள்.

செல்போனில் கார்டு எண்ணைப் பதிந்து வைத்திருந்தால், அதை அழித்துவிட வேண்டும். மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்களையும் நிறுத்திவிட வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் வழிகள்

வெளியே கடன் தேடுவதற்கு முன்னால் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்ப்பது நல்லது.

பிக்சட் டெபாசிட்: ஒரு பக்கம் 7 சதவீத வட்டிக்குப் பணத்தைப் போட்டு வைத்துவிட்டு, மறுபக்கம் 42 சதவீத வட்டி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். “டெபாசிட்டைத் தொடக் கூடாது” என்பது அவர்கள் கொள்கை. கொள்கை நல்லதுதான், கணக்குத்தான் தப்பு. டெபாசிட்டை உடைக்க மனம் இல்லாவிட்டால், அதன் பேரில் கடன் வாங்கலாம். டெபாசிட் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான் கூடுதல்.

இன்சூரன்ஸ் பாலிசி: சில ஆண்டு பணம் கட்டிய பழைய எல்.ஐ.சி. பாலிசிகள் பலவற்றின் பேரில் கடன் கிடைக்கும். வட்டி பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். பாலிசியும் உயிரோடு இருக்கும்.

நகை: தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு மிகவும் பழக்கமான வழி. பாங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நகைக் கடன் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 9 முதல் 12 ரூபாய்க்குள் கிடைக்கும். நிதிக் கம்பெனிகளில் கூடும். அதனால் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, கெடு எத்தனை மாதம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நகைக் கடனில் ஒரு கண்டிப்பு தேவை. வட்டியை மட்டும் கட்டி, ஆண்டுதோறும் மறு அடகு வைத்துக்கொண்டே போனால் நகை திரும்பாது. கெடு தவறினால் ஏலத்துக்குப் போய்விடும். கார்டுக்குக் கட்டிவந்த பணத்தை அப்படியே நகைக்குக் கட்டினால்தான் இந்த வழி பலன் தரும்.

நகை யாருடையது?

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

கடன் வாங்கியது கணவன். நகை மனைவியுடையது. “எல்லாம் நம் குடும்பத்துக்குத்தானே” என்று சொல்லி வாங்கிப் போகிறார்கள். சில வீடுகளில் சொல்லாமலே எடுத்துப் போகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பிறந்த வீட்டில் போட்ட நகை, சீர், அன்பளிப்பு எல்லாம் பெண்ணின் சொந்தச் சொத்து. இதை 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தெளிவாகச் சொன்னது. அந்தச் சொத்தில் கணவனுக்கு அதிகாரம் இல்லை. கஷ்ட காலத்தில் அதைப் பயன்படுத்தினாலும், திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை அவனுக்கு உண்டு.

ஆகவே, நகையைக் கேட்பவர் கணக்கையும் காட்ட வேண்டும். எவ்வளவு கடன், எதற்காக வந்தது, எத்தனை மாதத்தில் நகை திரும்பும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்கும் உரிமை மனைவிக்கு உண்டு. “முடியாது” என்று சொல்லும் உரிமையும் உண்டு.

பல வீடுகளில் நடப்பது என்ன?

“கார்டு பில் எவ்வளவு வந்திருக்குங்க?”

“அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீ விடு.”

இந்தப் பதிலுக்கு ஒரு விலை இருக்கிறது. டெபாசிட் இருப்பதும், பாலிசி இருப்பதும், நகை இருப்பதும் மனைவிக்குத் தெரியும். கடன் இருப்பது கணவனுக்கு மட்டும் தெரியும். இரண்டும் ஒரே மேஜைக்கு வராதவரை, மலிவான வழி எல்லாம் மூடியே இருக்கும். வெட்கத்துக்காக மாதம் நாலு வட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். கடன் மனைவியின் பேரில் இருந்து, அவள் கணவனுக்குப் பயந்து மறைத்தாலும் இதே நஷ்டம்தான்.

ஆபீசிலும் பாங்கியிலும் என்ன கிடைக்கும்?

நகையும் இல்லை, டெபாசிட்டும் இல்லை என்பவர்கள் என்ன செய்வது?

சங்கக் கடன்: சர்க்கார் ஆபீஸ்களிலும் ஆலைகளிலும் பணியாளர் கூட்டுறவுச் சிக்கன, கடன் சங்கங்கள் உண்டு. உறுப்பினருக்குக் கடன் கிடைக்கும். சம்பளத்திலேயே தவணை பிடித்துக்கொள்வார்கள். மறந்துபோக வழி இல்லை என்பது இதில் ஒரு நன்மை.

மாதத் தவணை: கார்டு கொடுத்த பாங்கியிடமே பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கேட்கலாம். வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியில் பாதிக்கும் கீழே வந்துவிடும். தவணை வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. மாற்றுவதற்குக் கட்டணமும் உண்டு. நடுவில் முழுவதும் அடைத்தால் அபராதம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனிநபர் கடன்: சம்பளச் சான்று இருந்தால் பாங்கியில் தனிநபர் கடன் கிடைக்கலாம். ஆளைப் பொறுத்து 11 முதல் 24 சதவீதம் வரை வட்டி இருக்கும். 24 என்றாலும் அது இரண்டு வட்டிதான். நாலு வட்டிக்கு அது பாதி.

வேறு கார்டுக்கு மாற்றுதல்: ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு பாங்கியின் கார்டுக்கு மாற்றும் வசதியும் உண்டு. சில மாதத்துக்கு வட்டி குறைவாக இருக்கும். அந்தச் சில மாதத்துக்குள் அடைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பழைய வட்டி மறுபடியும் வந்து நிற்கும்.

சீட்டு: ஏற்கனவே பதிவு பெற்ற சீட்டில் பணம் கட்டி வருகிறவர்கள், சீட்டை எடுத்துக் கடனை அடைக்கலாம். அதிகம் தள்ளி எடுத்தால் அந்தத் தள்ளுபடியும் ஒரு வட்டிதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

சிலரிடம் மூன்று நாலு கார்டுகள் இருக்கும். எல்லாவற்றிலும் பாக்கி இருக்கும்.

எல்லாக் கார்டுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அபராதம் ஏறும். மிச்சம் இருக்கும் பணம் முழுவதையும் ஒரே கார்டின் மீது போட வேண்டும். பிரித்துப் பிரித்துப் போடக் கூடாது.

எந்தக் கார்டு மீது? கணக்குப்படி பார்த்தால், வட்டி அதிகமான கார்டு முதலில். மனத்தெம்புக்குப் பார்த்தால், பாக்கி குறைவான கார்டு முதலில். ஒரு கார்டு முடிந்தது என்றாலே அடுத்ததை முடிக்க ஊக்கம் வரும்.

நம் நாட்டுக் கார்டுகள் பலவற்றில் வட்டி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஆகவே சின்னக் கடனை முதலில் முடிப்பதால் பெரிய நஷ்டம் வராது. எந்த வழியில் விடாமல் போக முடியுமோ, அதுவே நல்ல வழி.

முடிந்த கார்டைச் சும்மா வைத்திருக்கக் கூடாது. பாக்கி இல்லாத கார்டை ரத்து செய்யக் கேட்டால், 7 வேலை நாட்களுக்குள் பாங்கி ரத்து செய்ய வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். இதுவும் ரிசர்வ் பாங்கி 2022-ல் போட்ட விதி.

குழியில் இருந்து கிணற்றுக்கு!

கடன் நெருக்கும்போது புத்தி தடுமாறும். அந்த நேரத்தில் சில வழிகள் சுலபமாகத் தோன்றும். அவற்றின் பக்கம் போகவே கூடாது.

கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுப்பது. இதில் வட்டி இல்லாத நாள் ஒன்றுகூடக் கிடையாது. எடுத்த நிமிடமே வட்டி. தனிக் கட்டணம் வேறு.

கடையில் சாமான் வாங்காமலே கார்டைத் தேய்த்து, கமிஷன் கொடுத்துப் பணம் வாங்குவது. இது விதிக்குப் புறம்பானது. கடனும் கூடும், வம்பும் கூடும்.

செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும், பெயர் தெரியாத ஆப்கள். டெலிபோன் எண்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் செய்து மானத்தை வாங்கியவை உண்டு.

“உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், முதலில் எங்களுக்குக் கட்டணம் கட்டுங்கள்” என்பவர்கள். பாங்கியிடம் பேச இடைத்தரகர் தேவை இல்லை. கடனாளியே நேரில் பேசலாம்.

கட்டவே முடியாவிட்டால்?

வேலை போய்விட்டது. அல்லது வீட்டில் பெரிய வியாதி. குறைந்தபட்சத் தொகைகூடக் கட்ட முடியவில்லை. அப்போது என்ன செய்வது?

ஒளியக் கூடாது. கெடு தவறுவதற்கு முன்பே பாங்கிக்குக் கடிதம் எழுத வேண்டும். நிலைமையைச் சொல்லி, நீண்ட தவணை கேட்க வேண்டும். போனில் பேசியது காற்றோடு போகும். எழுதியது சாட்சியாக நிற்கும்.

கடைசி வழி, ஒரு தொகை பேசி முடித்துக்கொள்வது. ஒரு பகுதியைப் பாங்கி தள்ளுபடி செய்யும். ஆனால் கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டில் “முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது” என்று வராது. “பேசி முடிக்கப்பட்டது” என்றுதான் வரும். சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை உள்ள ஓர் எண். அது இறங்கிவிடும். நாளைக்கு வீட்டுக் கடனோ, பிள்ளையின் படிப்புக் கடனோ கேட்கும்போது அந்த வரி குறுக்கே நிற்கும். வேறு வழியே இல்லை என்றால்தான் இது. அப்போதும் “இனி பாக்கி இல்லை” என்று பாங்கியிடம் கடிதம் வாங்காமல் விடக் கூடாது.

கடன் கட்ட முடியாமல் போவது மட்டுமே ஜெயிலுக்குப் போகும் குற்றம் அல்ல. அது சிவில் விவகாரம். ஏமாற்றும் எண்ணத்தோடு பொய்யான தகவல் கொடுத்தால், கொடுத்த செக் பணம் இல்லாமல் திரும்பினால் அது வேறு விஷயம்.

வசூல் செய்ய வருகிறவர்களுக்கும் விதி உண்டு. காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மிரட்டக் கூடாது. நாலு பேர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லை செய்யக் கூடாது.

பில்லில் தவறு இருந்தாலும், வசூல்காரர் வரம்பு மீறினாலும், முதலில் பாங்கிக்கு எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முறையிடலாம். நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக இது 2021 நவம்பரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவை இல்லை.

வேலியை யார் கட்டுவது?

கடனாளியின் உயிரையும் மானத்தையும்விடப் பெரிய கடன் எதுவும் இல்லை. இதைக் குடும்பத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மீதிப் பாரத்தை இறக்க ஒரு தாளும் பென்சிலும் போதும். கடன் எவ்வளவு, வட்டி எத்தனை என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். டெபாசிட், பாலிசி, நகை, சங்கம், சீட்டு என்று மறுபக்கம் எழுத வேண்டும். கணவனும் மனைவியும், சம்பாதிக்கும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க வேண்டும். எந்த வட்டி சின்னது என்று அப்போது தாளே சொல்லிவிடும்.

மாதத் தவணை கட்ட எந்தச் செலவைக் குறைப்பது என்பதையும் அதே இடத்தில் முடிவு செய்யலாம். ஒருவர் மட்டும் வயிற்றைக் கட்டினால் மனக்கசப்பு வரும். எல்லோரும் சேர்ந்து ஒரு பிடி குறைத்தால் யாருக்கும் தெரியாது.

30-க்கு மேல் வாங்காதே என்று சொல்ல இன்று கமிஷன் இல்லை. ஆனால் 12-க்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், அதைத் தடுக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

மறைத்த கடன் வளரும். சொன்ன கடன் தேயும்!